வந்தேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன்: நண்டுக் கம்பெனியில் படித்த ஆங்கில இறந்தகாலம்

"டிட் தே கம் பேக்?"

அமெரிக்காவில் இருந்த வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் இருந்தது அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டதா என்று கேட்கிறார். எது திரும்பி வந்தது, எதற்குத் திரும்பி வர வேண்டும், ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. வேலையில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. மண்டபத்தில் ஒரு நண்டுக் கம்பெனியின் அலுவலக அறை. சுவருக்கு அந்தப் பக்கம் நண்டு அவிகிற ஆவி, இந்தப் பக்கம் நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் நண்டுக் கம்பெனி என்றால் எல்லோருக்கும் தெரியும். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், வலையில் விழும் நீலக்கால் நண்டை அவித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்து எடுப்பார்கள். அது டப்பாவில் அடைபட்டுக் கப்பல் ஏறும். கடைசியில் அதை யார் சாப்பிடுகிறார்கள் என்று பிரித்தவர்களுக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் சாப்பிடுகிற ஊருக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. தங்கச்சிமடத்தில் தமிழ் வழியில் படித்து, ராமநாதபுரத்தில் டிகிரி முடித்து, தட்டச்சும் தெரிந்த பெண் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரியும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் எழுதியிருந்த வரி இது: "வி ஹேட் சென்ட் த ஒரிஜினல்ஸ் பை கூரியர் லாஸ்ட் மன்டே." போன திங்கட்கிழமை அசல் ஆவணங்களைக் கூரியரில் அனுப்பியிருந்தோம். தமிழில் எவ்வளவு மரியாதையான, ஒழுங்கான வாக்கியம்! ஆனால் "ஹேட் சென்ட்" என்று ஆங்கிலத்தில் படிப்பவர், அனுப்பியதற்குப் பிறகு வேறொன்று நடந்ததாக எண்ணிக் காத்திருப்பார். அனுப்பியிருந்தோம், அதற்குள் என்ன ஆயிற்று? போதாத குறைக்கு, அதற்கு முந்தைய மாதம் ஒரு உறை முகவரி தவறி உண்மையாகவே திரும்பி வந்திருந்தது. அவர் பழைய கதை மறுபடி நடந்துவிட்டது என்று முடிவு செய்து, பணம் அனுப்புவதை நிறுத்தி வைத்துவிட்டார். இரண்டு நாள் மின்னஞ்சலும் தொலைபேசியுமாக அலைந்த பிறகுதான் எல்லாம் சரியாயிற்று. மேலாளர் என்னைத் திட்டினார். ஆனால் என்ன தப்பு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஹேட் போடாதே, ஹேவ் போடு" என்றார். ஹேவ் போட்டாலும் அந்த வாக்கியம் தப்புதான் என்பதை அவர் அறியவில்லை. நானும் அறியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாம்பனுக்குப் பஸ் ஏறினேன். பள்ளியில் எனக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சர் ஓய்வுபெற்று அங்கே இருந்தார். மொட்டை மாடியில் கருவாடு காய்ந்துகொண்டிருக்க, காக்கையை விரட்ட ஒரு கம்பும் கையில் ஒரு நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன காகிதத்தைப் படித்தார்.

"தமிழில் யோசித்து எழுதினாயா?"

"ஆமாம் டீச்சர்."

"தப்பில்லை. ஆனால் தமிழில் 'வந்திருந்தேன்' என்பதற்கு இரண்டு வேலை. ஆங்கிலத்தில் 'ஹேட் கம்' என்பதற்கு ஒரே வேலை. அங்கேதான் இடறி விழுந்திருக்கிறாய்."

இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டுகிறேன். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

"நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்" என்று சொல்கிறோம். "கல்யாணத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள்" என்கிறோம். இங்கே இரண்டு சம்பவங்கள் இல்லை, ஒன்றுக்கு முன் இன்னொன்று என்ற வரிசையும் இல்லை. வந்தேன், இருந்தேன், போனேன், அவ்வளவுதான். கொஞ்சம் பணிவுக்காகவும், கொஞ்சம் நடந்து முடிந்து தள்ளிப்போன விஷயம் என்று காட்டவும் 'இருந்தேன்' ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு "ஐ கேம்", "எவ்ரிஒன் கேம்" என்ற சாதாரண இறந்தகாலமே போதும். "ஹேட்" வர வேண்டுமென்றால் கடந்த காலத்தில் இரண்டு புள்ளிகள் இருக்க வேண்டும். அவற்றில் முந்தைய புள்ளிக்குத்தான் ஹேட்.

இதற்கு டீச்சர் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் இறந்தகாலம் என்றால் தனுஷ்கோடிதானே. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலைச் சொல்லாத வீடு எங்கள் ராமேஸ்வரம் தீவில் இல்லை. "த சீ டுக் த டவுன் இன் 1964" என்று எழுதினார். ஒரு சம்பவம், ஒரு தேதி, சாதாரண இறந்தகாலம். பிறகு கீழே இன்னொன்று: "வென் மார்னிங் கேம், த சீ ஹேட் டேக்கன் த டவுன்." விடிந்தபோது ஊர் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. விடிந்தது ஒரு புள்ளி, ஊர் போனது அதற்கு முந்தைய புள்ளி. இந்த 'ஹேட்' சம்பளத்துக்கு வேலை செய்கிறது என்றார். நீ எழுதிய 'ஹேட்' சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார், இது பாடப்புத்தகம் படிக்கிற பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. எது முந்தியது என்பது 'ஆஃப்டர்', 'பிஃபோர்' போன்ற சொல்லாலேயே தெளிவாகிவிட்டால் ஹேட் கட்டாயமில்லை. "ஆஃப்டர் த ஸ்டார்ம் பாஸ்ட், த ஃபேமிலிஸ் மூவ்ட் டு ராமேஸ்வரம்." ஹேட் போட்டாலும் குற்றமில்லை, போடாவிட்டாலும் யாரும் குழம்பமாட்டார்கள். சந்தேகமென்றால் சாதாரண இறந்தகாலத்தின் பக்கம் சாய்ந்துவிடு என்பது அவர் கட்சி. எனக்கும் அந்தக் கட்சிதான். நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் இருக்கிற ஹேட்களில் முக்கால்வாசியைப் பிடுங்கி எறிந்தாலும் கடிதத்துக்கு ஒன்றும் ஆகாது.

சரி, மேலாளர் சொன்ன 'ஹேவ்' ஏன் தப்பு? இதில்தான் நான் அதிக நாள் சிக்கிக்கிடந்தேன்.

"வந்திருக்கிறான்" என்பதற்கு "ஹேஸ் கம்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தோம். பாதி சரி. "அண்ணன் வந்திருக்கிறான்" என்றால் இப்போது வீட்டில் இருக்கிறான், "ஹேஸ் கம்" பொருந்துகிறது. ஆனால் தமிழில் 'இருக்கிறான்' இன்னொரு காரியமும் செய்யும். நேரில் பார்க்காமல், அடையாளத்தை வைத்து ஊகித்துச் சொல்லும்போதும் அதே சொல்தான். காலையில் கரைக்குப் போன அப்பா வலையைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்: "ராத்திரி யாரோ வலையை அறுத்திருக்கிறார்கள்." யார் என்று அவர் பார்க்கவில்லை, அறுந்து கிடக்கிற வலையைத்தான் பார்த்தார். இதில் 'ராத்திரி' என்ற காலச்சொல்லும் இருக்கிறது, 'இருக்கிறார்கள்' என்பதும் இருக்கிறது. தமிழுக்கு இரண்டும் ஒரே படகில் ஏறலாம். ஆங்கிலத்தில் ஏற முடியாது. "சம்ஒன் ஹேஸ் கட் த நெட் லாஸ்ட் நைட்" என்பது தப்பு. 'லாஸ்ட் நைட்' வந்துவிட்டால் 'ஹேஸ்' இறங்க வேண்டும்: "சம்ஒன் கட் த நெட் லாஸ்ட் நைட்." ஊகம் என்று காட்டியே ஆக வேண்டுமென்றால் "மஸ்ட் ஹேவ் கட்".

நேற்று, போன வாரம், 1964இல், இரண்டு நாளுக்கு முன்பு, காலை பத்து மணிக்கு என்று முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் வாக்கியத்தில் நின்றால் ஹேவ், ஹேஸ் இரண்டும் அங்கே நிற்காது. எனவே என் கூரியர் வாக்கியம் "வி சென்ட் த ஒரிஜினல்ஸ் பை கூரியர் லாஸ்ட் மன்டே" என்று இருந்திருக்க வேண்டும். 'லாஸ்ட் மன்டே'யை எடுத்துவிட்டால் "வி ஹேவ் சென்ட் த ஒரிஜினல்ஸ்" என்று எழுதலாம்: அனுப்பியாயிற்று, இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தொனி.

அப்படியானால் ஹேவ் எதற்கு? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொல்லப்போய் எனக்கே ஒரு வழி கிடைத்தது. வலையை இறக்கிவிட்டு மிதவையின் கயிறு கையில் இருக்கும்வரை அந்த வலை நம்முடைய கவலை. இழுத்துக் கரையில் போட்டு மீனையும் விற்றுவிட்டால் அது கதை. கயிறு இன்னும் கையில் இருக்கிற விஷயத்துக்கு ஹேவ், கதையாகிவிட்டதற்கு வெறும் இறந்தகாலம். "ஹி ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் நெட்" என்றால் இன்றைக்கு அவனிடம் வலை இல்லை, நாளை கடலுக்குப் போகமாட்டான். "ஹி லாஸ்ட் ஹிஸ் நெட்" என்றால் என்றைக்கோ தொலைத்தான். புது வலை வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம், அதைப் பற்றிப் பேச்சில்லை. அப்பா கேட்டுவிட்டு, "அப்படியானால் கடன்காரனிடம் ஹேஸ் போட்டுத்தான் சொல்ல வேண்டும்" என்றார். அவருக்கு இலக்கணம் வேண்டாம், புரிந்துவிட்டது.

இப்போது மாலையில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்குப் பாம்பன் பாலத்தை வைத்துச் சொன்னால் போதும். பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது: "ஓபன்ட் இன் 1914". பஸ் போகிற பாலம் 1988 அக்டோபர் 2ஆம் தேதி: அதற்கும் "ஓபன்ட்". புது ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தது. அந்த வாரம் வெளியூரில் இருக்கிற மாமாவுக்குச் செய்தி சொல்வதாக இருந்தால் "தே ஹேவ் ஓபன்ட் த நியூ பிரிட்ஜ்" என்று எழுது. செய்தி சூடாக இருக்கிறது, தேதி சொல்லவில்லை. தேதி சேர்த்தால் உடனே "தே ஓபன்ட் த நியூ பிரிட்ஜ் ஆன் ஏப்ரல் சிக்ஸ்". ஒரே பாலம்தான், தேதி ஏறியதும் வினை மாறுகிறது. பிள்ளைகள் இதை மறப்பதில்லை.

ஆனால் இதையே பெரிய வேதமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை அமெரிக்க வாடிக்கையாளர் "டிட் யூ கெட் மை மெயில் யெட்?" என்று எழுதியிருந்தார். 'யெட்' வந்தால் ஹேவ் வர வேண்டும் என்று அப்போதுதான் படித்து முடித்திருந்த நான், பார்த்தீர்களா, அவருக்கே தெரியவில்லை என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீச்சர்தான் மானத்தைக் காப்பாற்றினார். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகிய சொற்களோடு பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ஹேவ் போடுவார்கள். அமெரிக்கர்கள் பேச்சில் சாதாரண இறந்தகாலத்தையும் தாராளமாகப் போடுவார்கள். இரண்டும் அவரவர் ஊரில் சரி. நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கைச் சொல்லிக்கொடுக்கின்றன, நாம் நண்டு விற்பதோ அமெரிக்காவுக்கு. தேர்வில் ஹேவ் எழுதிவிட்டு, கடிதத்தில் எதிராளியின் வழக்கைக் குறை சொல்லாமல் இருந்தால் போதும்.

அடுத்த பொறி இதைவிட மோசமானது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். "பணம் வரவில்லை." இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்க்கலாம். தமிழில் எதிர்மறை வந்ததும் இறந்தகாலமும் நிகழ்காலமும் கரைந்துபோய் ஒரே 'வரவில்லை' ஆகிவிடுகிறது. அவன் நேற்று வரவில்லை, இன்னும் வரவில்லை, நான் விளையாட வரவில்லை. மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று: "டிட் நாட் கம்", "ஹேஸ் நாட் கம்", "ஆம் நாட் கமிங்". ஒரு வாடிக்கையாளருக்கு "வி டிட் நாட் ரிசீவ் த பேமென்ட்" என்று எழுதினேன். வர வேண்டியது வராமலே போயிற்று என்று குற்றம் சாட்டுகிற தொனி அதில் ஏறிவிடுகிறது. நான் சொல்ல நினைத்தது இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம் என்பது: "வி ஹேவ் நாட் ரிசீவ்ட் த பேமென்ட் யெட்." கயிறு கையில் இருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டு வங்கிச் சீட்டை அனுப்பினார்; பணம் மறுநாள் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 'இல்லை' என்று முடிகிற எந்தத் தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்கும்போதும் ஒரு நிமிடம் நின்று, 'இன்னும்' என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்கிறேன். 'இன்னும்' ஒட்டினால் ஹேவ் நாட். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் டிட் நாட்.

"மூன்று வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன்" என்பதிலும் இப்படித்தான். தமிழில் நிகழ்காலம். அதனால் நம் பிள்ளைகள் "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்கிறார்கள். ஆங்கிலம் இதைப் பின்னால் தொடங்கி இதுவரை நீள்கிற கயிறாகப் பார்க்கிறது: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்." 'ஆக', 'இருந்து', 'முதல்' என்று தமிழில் முடிந்தால் (மூன்று வருடமாக, காலையிலிருந்து, சின்ன வயது முதல்) ஹேவ் பீன் என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். இன்றும் அது வேலை செய்கிறது.

வேலையை விட்ட பிறகு இது தலைகீழாகும். கீழக்கரையைச் சேர்ந்த ஒரு தம்பி சவுதியில் நான்கு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. வேறொரு வளைகுடா நிறுவனத்தில் தொலைபேசி வழி நேர்முகம். "ஐ ஹேவ் ஒர்க்ட் இன் சவுதி ஃபார் ஃபோர் இயர்ஸ்" என்று சொல்லியிருக்கிறான். ஹேவ் போட்டால் ஆங்கிலம் பெரிய ஆங்கிலமாகத் தெரியும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம். எதிரில் இருந்தவர் உடனே, "இப்போதைய நிறுவனத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். இவன் இன்னும் அங்கேயே வேலையில் இருக்கிறான் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். தம்பி திணறி, ஏதோ மழுப்ப, கடைசியில் பொய் சொல்கிறவன் போல ஆகிவிட்டான்.

"அக்கா, நான்கு வருடம் என்றது உண்மைதானே? எதை நான் தப்பாகச் சொன்னேன்?" என்று வந்து நின்றான்.

"நீ சொன்ன வருடம் சரி தம்பி. விட்டுவிட்டு வந்ததை நீ சொல்லவில்லை. 'ஒர்க்ட்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்."

அடுத்த நேர்முகத்துக்கு "ஐ ஒர்க்ட் இன் சவுதி ஃபார் ஃபோர் இயர்ஸ், அண்ட் கேம் பேக் லாஸ்ட் இயர்" என்ற ஒரே வரியை ஐம்பது தடவை சொல்லவைத்து அனுப்பினேன். 'ஒர்க்ட்' என்பதை 'ஒர்க்கெட்' என்று அவன் இழுத்ததைத் திருத்துவதற்குத்தான் அதிக நேரம் போயிற்று. எழுத்தில் முடிவு ஒன்றுபோல இருந்தாலும் ஒலி மூன்று வகை: ஒர்க்ட், வாஷ்ட் என்று 'ட்' மெலிந்து ஒட்டும், ஓபன்ட், மூவ்ட் என்று கொஞ்சம் கனத்து ஒட்டும், வினையே 'ட்' ஒலியில் முடிந்தால் மட்டும்தான் வான்டெட், நீடெட் என்று தனி அசை.

வி ஒன், வி டூ, வி த்ரீ பட்டியலைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்ததாக ஆகாது. கோ, வென்ட், கான். டேக், டுக், டேக்கன். பெஞ்சில் ஏறி நின்று ஒப்பித்தோம். ஒப்பித்தது வீணில்லை, இந்த ஒழுங்கற்ற வினைகளுக்கு வேறு குறுக்குவழி கிடையாது. ஆனால் பட்டியல் எது எங்கே என்று சொல்லாது. வி டூ தனியாக நிற்கும், வி த்ரீக்கு ஹேவ், ஹேட், வாஸ் என்று ஏதாவது துணை வேண்டும் என்ற ஒரு விதி தெரியாததால்தான் "ஐ சீன் ஹிம்", "ஐ ஹேவ் வென்ட்" எல்லாம் பிறக்கின்றன. "டிட் யூ வென்ட்?" என்பதும் இந்தக் குடும்பம்தான். டிட் என்பதிலேயே இறந்தகாலம் ஏறிவிட்டது, ஒரு கூடை மீனை ஒருத்தி சுமந்தால் போதும், பின்னால் வருகிற வினை வெறுங்கையோடு நடக்கலாம்: "டிட் யூ கோ?"

ஆங்கிலம் ஏன் இப்படிக் கோணல்மாணலாக இருக்கிறது என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அப்போது நான் கரும்பலகையில் எழுதுவேன்: ஓடு, ஓடினான். போடு? போடினான் இல்லை, போட்டான். தேடு, தேடினான். விடு, விட்டான். நம் மொழியிலும் த், ட், ற், இன் என்று இடைநிலைகள் வினைக்கு வினை மாறுகின்றன. தாய்மொழி என்பதால் உறுத்தவில்லை, அவ்வளவுதான். 'வென்ட்' என்பதும் உண்மையில் 'கோ'வின் பிள்ளை இல்லை. 'வெண்ட்' என்று வேறொரு வினை இருந்தது. அதன் இறந்தகாலத்தைக் 'கோ' தத்து எடுத்துக்கொண்டது. இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்படியானால் கோவின் சொந்தப் பிள்ளை என்ன ஆயிற்று?" என்று கேட்டான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வேறொரு வடிவம் இருந்தது, வழக்கொழிந்துவிட்டது என்றேன். முகம் வாடிவிட்டது அவனுக்கு.

நடந்துகொண்டிருந்தது, பேசிக்கொண்டிருந்தேன் ஆகியவற்றில் பெரிய வில்லங்கம் இல்லை. 'வாஸ் டாக்கிங்' நேராகப் பொருந்தும். ஒரே எச்சரிக்கை: "அவர் ஒரு படகு வைத்திருந்தார்" என்பது "ஹி வாஸ் ஹேவிங் எ போட்" இல்லை, "ஹி ஹேட் எ போட்". உடைமைக்கு 'இங்' ஒட்டாது.

அந்தக்காலப் பேச்சுதான் எனக்குப் பிடித்த பாடம், ஏனென்றால் இங்கே தமிழும் ஆங்கிலமும் திடீரென்று கைகோத்துக்கொள்கின்றன. "அப்போதெல்லாம் தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் தலைமன்னார் போவார்கள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். போனார்கள் என்று சொல்வதில்லை, போவார்கள். நடந்ததோ அறுபது எழுபது வருடத்துக்கு முன்பு, சொல்லோ எதிர்காலம்! வழக்கமாக நடந்ததைத் தமிழ் இப்படித்தான் சொல்லும். ஆங்கிலமும் அப்படியே: "தே வுட் டேக் த ஸ்டீமர் டு தலைமன்னார்." வில் என்பதன் இறந்தகால உருவம்தான் வுட். ஆனால் ஒரு படி கூடப் போனால் வழி பிரிகிறது. "அங்கே ஒரு ஸ்டேஷன் இருக்கும்" என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் "தேர் வுட் பி எ ஸ்டேஷன்" என்று அந்தப் பொருளில் சொல்ல முடியாது. செயலுக்கு வுட் வரும், நிலையாக இருந்ததற்கு 'யூஸ்ட் டு' வேண்டும்: "தேர் யூஸ்ட் டு பி எ ஸ்டேஷன் ஹியர்." தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுகிற என் சித்தப்பா மகன் வெளிநாட்டுப் பயணிகளிடம் முன்பு "தேர் இஸ் எ ஸ்டேஷன் பிஃபோர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இடிந்த சுவரைக் கை காட்டுவதால் அவர்களுக்குப் புரிந்துவிடும். இந்த ஒரு 'யூஸ்ட் டு' கற்றதில் இருந்து அவன் ஊர்க்கதை பாதி ஆங்கிலத்தில் ஓடுகிறது: யூஸ்ட் டு பி எ போஸ்ட் ஆபீஸ், யூஸ்ட் டு பி எ சர்ச்.

பிறர் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் இன்னும் நான் தடுமாறுவதுண்டு. "வருகிறேன் என்று சொன்னான்" என்பதில் தமிழ் அவன் சொன்னதை அப்படியே வைக்கிறது. ஆங்கிலம் அவன் சொல்லையும் பின்னுக்கு இழுக்கிறது: "ஹி செட் ஹி வாஸ் கமிங்." சொன்னதே நேற்று என்பதால் சொல்லப்பட்டதும் ஒரு படி பின்வாங்குகிறது. இதுவும் எழுதி எழுதித்தான் பழக வேண்டியிருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள். விசைப்படகுகளெல்லாம் கட்டிக் கிடக்கும்; அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், அந்த எரிச்சல் தாங்காமல் பிள்ளைகள் என் திண்ணைக்கு ஓடி வருவார்கள். அந்த இரண்டு மாதம்தான் எனக்கு வகுப்பு நிறையும். போன தடைக்காலத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு, இறந்தகாலம் என்றால் முடிந்துபோனது, முடிந்தே போனது, சந்தேகமே வேண்டாம் என்று அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெருவுக்கு எதிரிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டாள், தண்ணீர் லாரி வந்துவிட்டதாம், குடத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம்.

"இதோ வந்துவிட்டேன், அம்மா!" என்று கத்திவிட்டு, இருந்த இடத்தை விட்டு அசையாமல் பென்சிலைச் சீவினான்.

"இப்போது நீ சொன்னதை ஆங்கிலத்தில் எழுது" என்றேன்.

கொஞ்சம் யோசித்து "ஐ ஹேவ் கம்" என்று எழுதினான். அதை அடித்தான். "ஐ கேம்" என்று எழுதினான். அதையும் அடித்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, நான் இன்னும் போகவே இல்லையே" என்றான்.

எதிர்வீட்டிலிருந்து இரண்டாம் முறை குரல் வந்தது, இந்த முறை பெயரோடு.